ரிம் லாக்கும் திண்டுக்கல் பூட்டும்

போன தடவை முருங்கைக்காய் விலை ஒரே வாரத்தில் ஏன் தலைகீழாக மாறுகிறது என்று எழுதினேன். இந்தத் தடவை கொஞ்சம் வித்தியாசமான மேட்டர். துப்பாக்கி! முழுத் துப்பாக்கி கூட இல்லை, அதன் வயிற்றில் செருகுகிற ஒரு சின்ன டப்பா. அதற்குப் பேர் மேகஸின்.

பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். ஒன்று, மூன்று வருஷமாக நான் என்.சி.சி. கேம்பில் .22 ரைபிள் சுட்டிருக்கிறேன் (சுட்டது மொத்தமே கொஞ்சம்தான், அதைப் பற்றிக் கடைசியில்). இரண்டாவது, யோசிக்க யோசிக்க இது துப்பாக்கிக் கணக்கு மாதிரியே தெரியவில்லை. நம்ம காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் வருகிற 'கெப்பாசிட்டி' கணக்கு மாதிரிதான் தெரிகிறது. பெரிசாக வாங்கினால் லாபமா, தேவைக்கு வாங்கினால் லாபமா? அவ்வளவுதான் விஷயம்.

முதலில் பேரைப் பார்த்துவிடுவோம். மேகஸின் என்றால் நமக்கெல்லாம் வாரப்பத்திரிகைதான் ஞாபகம் வரும். அரபு மொழியில் கிடங்குக்கு 'மக்ஸன்' என்று பேர். அதன் பன்மையான 'மகாஸின்' ஐரோப்பாவுக்குப் போய் மேகஸின் ஆனது. 1731-இல் லண்டனில் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். பல சரக்கும் ஒரே இடத்தில் கிடைக்கிற கிடங்கு என்கிற அர்த்தத்தில் வைத்த பேர். அதற்கப்புறம்தான் பத்திரிகைக்கெல்லாம் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. வெடிமருந்து வைக்கிற கிடங்குக்கும் அதே பேர்தான். அந்த மேகஸினைப் பார்க்க நாம் லண்டனுக்கெல்லாம் போகவேண்டாம். ரெட்டியார்சத்திரத்தில் பஸ் ஏறி திண்டுக்கல்லில் இறங்கி மலைக்கோட்டை ஏறினால் போதும், மேலே வெடிமருந்துக் கிடங்கு இருக்கிறது. 1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாராக வந்து, பிரெஞ்சுக்காரர்களை வைத்து இங்கே ஆயுதச் சாலையே நடத்தினார். ஆக, மேகஸின் நம்ம ஊருக்குப் புது விஷயம் இல்லை :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

என் கிளாஸ்மேட் ஒருவன். பேர் வேண்டாம், மாப்ள என்றே வைத்துக்கொள்வோம். அவன் அப்பாவுக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை. பையன் ரைபிள் ஷூட்டிங்கில் நன்றாக வருகிறான் என்று தெரிந்ததும், அலையாய் அலைந்து ஸ்போர்ட்ஸ் லைசென்ஸ் எடுத்து, லைசென்ஸ் உள்ள டீலர் மூலமாகப் பழைய .22 ரைபிள் ஒன்று வாங்கிக் கொடுத்தார். பர்னோ மாடல் 2. செக்கோஸ்லோவாக்கியா என்று ஒரு நாடு இருந்த காலத்தில் செய்தது. வயசானாலும் தங்கமான ரைபிள். கூடவே 5 ரவுண்டு மேகஸின் ஒன்று வந்தது.

மாப்ளைக்கு அது பத்தவில்லை. வெளிநாட்டு வீடியோவில் எவனோ ஒருத்தன் வாழைப்பழம் மாதிரி வளைந்த 25 ரவுண்டு மேகஸினைப் போட்டு டின்னாகத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டான்.

"மாப்ள, இந்த மாதிரி ஒண்ணு இருந்தா சும்மா சுட்டுக்கிட்டே இருக்கலாம்டா. வெளிநாட்டு சைட்ல ஆர்டர் போட்டா வந்துரும்ல?"

அவன் அப்பா என்னைப் பார்த்து, "தம்பி, நீயும் என்.சி.சி.தான. இவன் சொல்றது தேவைதானா? பணம் கெடக்கட்டும், லைசென்ஸ்ல ஏதாச்சும் வில்லங்கம் வந்துரக் கூடாது" என்றார்.

"பார்த்துச் சொல்றேன்ப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் பார்த்ததும் படித்ததும்தான் கீழே.

.22 தோட்டாவில் என்ன விசேஷம்?

'.22 லாங் ரைபிள்' என்கிற இந்தத் தோட்டா 1887-இல் வந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க அதிகமாகச் சுடப்படுகிற தோட்டாக்களில் ஒன்று. மொத்த நீளம் 25.4 மில்லிமீட்டர், அதாவது சரியாக ஒரு இஞ்ச். சாதாரணமாக முன்னால் இருக்கிற ஈயக் குண்டு 2.6 கிராம்.

பெரிய ரைபிள் தோட்டாவில் அடிப்பாகத்தின் நடுவில் பொட்டு வைத்த மாதிரி ஒரு பிரைமர் இருக்கும். சுத்தியல் ஊசி அதில் அடித்தால் வெடிக்கும். .22-ல் அந்தப் பொட்டு கிடையாது. பித்தளைக் கூட்டின் அடியில் சுற்றிலும் ஒரு விளிம்பு இருக்கும், தாம்பாளத்தின் விளிம்பு மாதிரி. பற்றவைக்கும் மருந்து அந்த விளிம்புக்கு உள்ளேதான் இருக்கிறது. ஊசி விளிம்பில் எங்கே அடித்தாலும் வெடிக்கும். அதனால்தான் இதற்கு ரிம்ஃபயர் என்று பேர். செய்வது சுலபம், விலையும் குறைவு.

ஆனால் இந்த ரிம்தான் மேகஸினுக்கு வில்லன்.

அளவைப் பாருங்கள். கூட்டின் குறுக்களவு சுமார் 5.7 மி.மீ. ரிம்மின் குறுக்களவு சுமார் 7.1 மி.மீ. வித்தியாசம் 1.4 மி.மீ. தோட்டாக்களை ஒன்றன் மேல் ஒன்றாக ரிம்முக்கு மேல் ரிம் வருகிற மாதிரி அடுக்கினால், பின்பக்கம் ஒவ்வொரு தோட்டாவுக்கும் 1.4 மி.மீ. கூடுதலாக உயரும். 5 தோட்டாவுக்கு 7 மி.மீ.தான், சமாளித்துவிடலாம். 10-க்கு 14 மி.மீ. 25-க்கு 35 மி.மீ.! பின்பக்கம் உயரம், முன்பக்கம் பள்ளம். அதனால்தான் பெரிய மேகஸின் வாழைப்பழம் மாதிரி வளைகிறது, அழகுக்காக வளைக்கவில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. மேல் தோட்டாவின் ரிம்மை, கீழ்த் தோட்டாவின் ரிம்முக்கு முன்னால் தள்ளி உட்கார வைப்பது. அப்போது அடுக்கு நெருக்கமாகும், ஆனால் ஒவ்வொன்றும் ரிம்மின் கனமான சுமார் 1 மி.மீ. முன்னால் தள்ளிப் போகும். பல மேகஸின்கள் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருக்க இதுதான் காரணம்.

இப்போது ஒரே ஒரு தோட்டா வரிசை மாறி, மேல் தோட்டாவின் ரிம் கீழ்த் தோட்டாவின் ரிம்முக்குப் பின்னால் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். போல்ட் மேல் தோட்டாவை முன்னால் தள்ளும். அதன் ரிம் கீழே இருக்கிற ரிம்மில் கொக்கி போட்ட மாதிரி மாட்டிக்கொள்ளும். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. இதற்குப் பேர் ரிம் லாக்.

திண்டுக்கல்காரனுக்கு லாக்கைப் பற்றிச் சொல்லித்தரவேண்டுமா என்ன? 2019-இல் புவிசார் குறியீடே வாங்கிய பூட்டு நம்முடையது. ஆனால் இந்தப் பூட்டுக்கு மட்டும் சாவி கிடையாது. மேகஸினைக் கழற்றி, மேலே இருக்கிற தோட்டாக்களை வெளியே எடுத்து, திரும்ப வரிசையாக அடுக்கவேண்டியதுதான். போட்டியில் இது நடந்தால் நேரம் போகும், மனசும் கலைந்துவிடும்.

எத்தனை தோட்டா கூடுகிறதோ அத்தனை தூரம் இந்த வாய்ப்பும் கூடுகிறது. 5 தோட்டாவில் ரிம்மும் ரிம்மும் சந்திக்கிற இடம் 4. 25 தோட்டாவில் 24.

ஆளுக்கொரு வழி

இந்த ரிம் தொல்லைக்குத் துப்பாக்கி செய்கிறவர்கள் விதவிதமாகத் தீர்வு கண்டிருக்கிறார்கள்.

பெட்டி வகை: நாம் பார்த்த அடுக்கு. 5, 10 வரை அருமையாக வேலை செய்யும்.

சுழல் வகை: அமெரிக்காவில் ரூகர் கம்பெனி 1964-இல் 10/22 என்று ஒரு ரைபிள் கொண்டுவந்தது. பேரிலேயே 10 இருக்கிறது. அதன் மேகஸினுக்குள் பல் வைத்த ஒரு உருளை. ஒவ்வொரு தோட்டாவும் தனித்தனிப் பள்ளத்தில் உட்காரும். ஒரு ரிம் இன்னொரு ரிம்மைத் தொடவே தொடாது, அப்புறம் எங்கே லாக்? அதோடு மேகஸின் ரைபிளுக்கு வெளியே துருத்தாது. பின்னாளில் அதே கம்பெனி வளைந்த 25 ரவுண்டு மேகஸினும் விற்க ஆரம்பித்தது. மாப்ளை பார்த்தது அந்த ஜாதிதான்.

குழாய் வகை: குழலுக்குக் கீழே இன்னொரு குழாய். தோட்டாக்கள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். 1960-இல் வந்த மார்லின் மாடல் 60 இந்த வகை. பெரிய தோட்டாவில் இப்படி வைப்பது ஆபத்து, பின்னால் நிற்கிற குண்டின் மூக்கு முன்னால் இருக்கிற தோட்டாவின் பொட்டில் இடிக்கும். .22-ல் நடுப்பொட்டே கிடையாதே! மற்ற இடத்தில் வில்லனான ரிம் இங்கே மட்டும் ஹீரோ.

தட்டு வகை: அமெரிக்கன்-180 என்று ஒரு .22 இயந்திரத் துப்பாக்கி வந்தது. மேலே தோசைக்கல் மாதிரி ஒரு தட்டு, அதில் 177 தோட்டா. தோட்டாவின் மூக்கு நடுவைப் பார்க்கிற மாதிரி வட்டமாக அடுக்குவதால், பின்பக்கம் பெருத்திருப்பது இங்கே சௌகரியம். சாதாரண ஆள் யாரும் இதை நம்ம நாட்டில் கனவிலும் வைத்திருக்க முடியாது, காரணம் பின்னால் வருகிறது.

எழுதியிருப்பது வேறு, போடுவது வேறு

காஸ்ட் அக்கவுண்டிங்கில் முதல் பாடமே இதுதான். மெஷின் மேல் எழுதியிருக்கிற உற்பத்தித் திறன் வேறு, நடைமுறைத் திறன் வேறு. ராணுவக்காரர்கள் இந்தப் பாடத்தைக் களத்திலேயே படித்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்கள் சுமந்த பிரென் துப்பாக்கிக்கு .303 தோட்டா. அதற்கும் ரிம் உண்டு, அதனால் அதன் மேகஸினும் வளைந்ததுதான். 30 தோட்டா பிடிக்கும். ஆனால் பெரும்பாலும் 28-தான் போடுவார்கள். ஸ்பிரிங் முழுசாக அமுங்கிப்போய் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று இரண்டைக் குறைத்துக்கொள்வார்கள்.

ஸ்பிரிங்கின் பாடு அப்படித்தான். முழுசாக நிரப்பினால் மேல் தோட்டாவை ரொம்ப அழுத்தும், போல்ட்டுக்குத் தள்ளுவது கஷ்டம். கடைசி ஒன்றிரண்டு தோட்டாவுக்கு வரும்போது அழுத்தம் குறைந்துவிடும், தோட்டா சரியான உயரத்துக்கு எழும்பாது. 5 தோட்டாவுக்கு இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் கொஞ்சம்தான் தூரம். 25-க்கு நிறைய தூரம். ஒரே ஸ்பிரிங் இரண்டு முனையிலும் ஒழுங்காக நடந்துகொள்ளவேண்டும் என்றால் அது நல்ல கம்பெனி ஸ்பிரிங்காக இருக்கவேண்டும்.

இன்னொரு கணக்கு. .22 தோட்டா வழக்கமாக 50 கொண்ட டப்பாவாக வரும். ஒரு டப்பாவைச் சுட்டு முடிக்க 5 ரவுண்டு மேகஸின் என்றால் 10 தடவை மாட்டவேண்டும். 10 ரவுண்டு என்றால் 5 தடவை, 25 ரவுண்டு என்றால் 2 தடவை. ஒரு தடவை மாட்ட 10 வினாடி என்று வைத்தால், 5-லிருந்து 25-க்குப் போனதில் மிச்சம் 80 வினாடி. ஒன்றேகால் நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல்! ஆனால் மேகஸினுக்குள் கட்டைவிரலால் அமுக்கித் தள்ளவேண்டிய தோட்டா எப்படிப் பார்த்தாலும் 50-தான். அந்த வேலையில் ஒன்றுகூடக் குறையாது. வீடியோவில் அதைக் காட்டமாட்டார்கள், கட் பண்ணிவிடுவார்கள்.

மாப்ளை 'சுட்டுக்கிட்டே இருக்கலாம்' என்றானே, அது உண்மைதான். அதுதான் செலவும். மேகஸின் விலை ஒரே ஒரு தடவை. தோட்டா விலை ஒவ்வொரு தடவையும். நிலையான செலவைப் பெரிசாக்கி மாறும் செலவையும் ஏற்றுகிற முதலீட்டை எந்தப் பேராசிரியரும் பாஸ் போடமாட்டார்.

போட்டியில் எத்தனை?

மாப்ளை வாங்கியது டின்னைத் தட்ட இல்லை, போட்டிக்கு. அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் நம்ம ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். ஃபைனலில் 451.4 புள்ளி. அது .22 ரைபிள்தான். அதில் மேகஸின் எத்தனை ரவுண்டு தெரியுமா? பூஜ்யம். 50 மீட்டர் ரைபிளில் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஒன்று ஒன்றாக வைத்துத்தான் சுடவேண்டும் என்பது சர்வதேச விதி. தகுதிச் சுற்றில் 60 தோட்டா, நேரம் 90 நிமிஷம். ஒரு தோட்டாவுக்கு ஒன்றரை நிமிஷம்! இந்த வேகத்துக்கு 25 ரவுண்டு மேகஸினை வைத்து என்ன செய்வது?

விதி இல்லாவிட்டாலும் அவர்கள் கையால்தான் போடுவார்கள் என்று நினைக்கிறேன். .22 குண்டு மெத்தென்ற ஈயம். மேகஸினிலிருந்து ஏறும்போது எங்காவது உரசி மூக்கு நசுங்கினால், அந்தக் குண்டு போகிற இடமும் மாறும்.

வேகமாகச் சுடுகிற போட்டி இல்லையா? இருக்கிறது. 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல். 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கியது இதில்தான். .22 தோட்டா. 8 வினாடி, 6 வினாடி, 4 வினாடி என்று சுற்று வரும். ஒவ்வொரு சுற்றிலும் போடுவது 5 தோட்டா.

அப்புறம் பனி நாட்டுக்காரர்களின் பயத்லான். பனிச்சறுக்கில் மூச்சிரைக்க வந்து, .22 ரைபிளை எடுத்து 50 மீட்டரில் இருக்கிற 5 இலக்குகளைச் சுடவேண்டும். அங்கேயும் மேகஸின் 5 ரவுண்டுதான். ரிலே போட்டியில் மட்டும் கூடுதலாக 3 தோட்டா கொடுப்பார்கள். அதை மேகஸினில் போடக்கூடாது, தனியாக வைத்திருந்து ஒவ்வொன்றாகக் கையால் போடவேண்டும். அதிலும் தப்பினால் ஒவ்வொரு இலக்குக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. குறிதப்பியவனுக்கு அவர்கள் பெரிய மேகஸின் தரவில்லை, கூடுதல் ஓட்டம்தான் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு!

சட்டம் என்ன சொல்கிறது?

மாப்ளையின் அப்பா கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில். நம்ம நாட்டின் ஆயுதச் சட்டம் 1959-இல் வந்தது. அதில் 'ஆயுதம்' என்கிற வார்த்தைக்குத் துப்பாக்கியின் பாகங்களும் அடக்கம். மேகஸினும் ஒரு பாகம்தான். ஆகவே, மொபைல் கவர் மாதிரி வெளிநாட்டு சைட்டில் ஆர்டர் போட்டு வீட்டுக்கு வரவழைக்கிற சாமான் இல்லை இது. கஸ்டம்ஸில் மாட்டினால் போவது அந்த டப்பா மட்டும் இல்லை, அப்பா அலைந்து வாங்கிய லைசென்ஸும் சேர்ந்து போகலாம். அதை நம்பி இருக்கிற பையனின் ஷூட்டிங்கும்தான்.

விசையை அழுத்திப் பிடித்தால், விடுகிறவரைக்கும் அல்லது மேகஸின் காலியாகிறவரைக்கும் சுட்டுக்கொண்டே இருக்கிற துப்பாக்கியை இந்தச் சட்டம் தடை செய்யப்பட்ட ஆயுதம் என்கிறது. தோசைக்கல் துப்பாக்கி நமக்குக் கிடையாது என்று சொன்னது இதனால்தான். 2019-இல் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 3-லிருந்து 2 ஆகக் குறைத்தது. போக்கு எந்தப் பக்கம் என்று தெரிகிறதல்லவா?

வெளிநாட்டிலும் கதை ஒன்றும் தாராளம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1996 போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு வந்த ஒப்பந்தத்தில், தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரிம்ஃபயர் ரைபிளுக்கு 10 ரவுண்டு என்று கோடு போட்டார்கள். அதுவும் விவசாயி மாதிரித் தொழில் தேவை உள்ளவர்களுக்கு மட்டும். நியூசிலாந்தில் 2019 கிரைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு பெரிய துப்பாக்கிகளைத் தடை செய்தபோது, .22 ரிம்ஃபயரை விட்டுவைத்தார்கள். அங்கேயும் மேகஸின் 10-க்கு மேல் போகக்கூடாது. கனடாவில் இன்னும் விசித்திரம். ரிம்ஃபயர் ரைபிள் மேகஸினுக்கு வரம்பே இல்லை. ஆனால் ரூகரின் 25 ரவுண்டு மேகஸின் அதே கம்பெனியின் கைத்துப்பாக்கி ஒன்றிலும் பொருந்துகிறது, கைத்துப்பாக்கிக்கு வரம்பு 10, ஆகவே இதுவும் தடை என்று 2016-இல் அந்த நாட்டுப் போலீஸ் அறிவித்தது. கடையில் நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்கள் திருதிரு என்று முழித்தார்கள்.

அமெரிக்க வீடியோவில் பார்ப்பது அந்த ஊர் சட்டத்துக்குள் நடப்பது. அதைப் பார்த்து நம்ம ஊரில் ஆர்டர் போடக்கூடாது.

அப்போ எதை வாங்குவது?

மாப்ளைக்கும் அவன் அப்பாவுக்கும் நான் சொன்னது இது:

1. ரைபிளுக்கு என்று செய்த மேகஸின் மட்டுமே. ஒரு கம்பெனி மேகஸின் இன்னொரு ரைபிளில் உட்காராது. பர்னோ மாடல் 2-க்கு நல்ல காலம், பின்னால் வந்த செக் நாட்டு சி.இசட். 452 வகைக்குச் செய்கிற 5, 10 ரவுண்டு மேகஸின்களே பொருந்தும்.

2. பெரிசாக ஒன்று வாங்குவதற்குப் பதில் சின்னதாக இரண்டு. ஒரு 25 கெட்டுப்போனால் கையில் ஒன்றுமே இல்லை. இரண்டு மேகஸினில் ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கிறது. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்று ஃபினான்ஸ் பேப்பரில் எழுதி மார்க் வாங்குகிறோம், இங்கேயும் அதுதான்.

3. படுத்துப் பார். படுத்துச் சுடும்போது ரைபிளுக்கும் தரைக்கும் நடுவில் இடம் கொஞ்சம்தான். 25 தோட்டாவை ஒற்றை வரிசையில் அடுக்கினாலே 14 செ.மீ. தாண்டும், ஸ்பிரிங்குக்கு இடம் தனி. அது பாயில் இடித்தால் முழங்கையின் நிலையே மாறிவிடும்.

4. வாய்ப்பகுதியைப் பார். தோட்டாவைப் பிடித்து நிறுத்துகிற அந்த இரண்டு உதடுகளும் ஒரே அளவில், நெளியாமல் இருக்கவேண்டும். பழைய மேகஸின் சிக்கினால் முதலில் சந்தேகப்படவேண்டியது இந்த இடத்தைத்தான்.

5. கழற்றித் துடைக்க முடியவேண்டும். .22 குண்டின் மேல் மெழுகோ கிரீஸோ தடவியிருக்கும். நம்ம பக்கத்து செம்மண் புழுதி அதில் ஒட்டினால் மேகஸினுக்குள் சேறுதான்.

6. ஒவ்வொரு மேகஸினுக்கும் பெயின்ட்டில் 1, 2 என்று நம்பர் போடு. எது தகராறு பண்ணுகிறது என்று இரண்டே நாளில் தெரிந்துவிடும். லெட்ஜரில் தனித்தனிக் கணக்கு வைக்கிற மாதிரி.

கடைசியில் அதே டீலரிடம் லைசென்ஸைக் காட்டி ஒரு 10 ரவுண்டு மேகஸினும், மேகஸின் இடத்தில் செருகி ஒவ்வொரு தோட்டாவாகப் போடுவதற்கு ஒரு சிங்கிள் ஷாட் அடாப்டரும் வாங்கினார்கள். பயிற்சிக்கு 5-ம் 10-ம், போட்டிக்கு அடாப்டர். அப்பா பில்லை லைசென்ஸோடு சேர்த்துப் பத்திரமாக ஃபைலில் போட்டுக்கொண்டார். கமிஷன் கடைக்காரராச்சே! மாப்ளைக்குக் கொஞ்ச நாள் முகம் தூக்கலாகத்தான் இருந்தது. இப்போது அவனே ஜூனியர் பையன்களுக்கு ரிம் லாக் பாடம் எடுக்கிறான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மேகஸினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைத்துவிடாதீர்கள். மேகஸின் கையில் இருக்கும், ஒரு தோட்டா மட்டும் சேம்பருக்குள் உட்கார்ந்திருக்கும். என்.சி.சி.யில் 'காலி கர்' என்று சொன்ன பிறகும், போல்ட்டைத் திறந்து உள்ளே காட்டச் சொல்வது இதற்காகத்தான். .22 சின்னதுதானே என்றும் நினைக்காதீர்கள். ஒரு மைலுக்கு மேல் ஆபத்து என்று டப்பாவிலேயே அச்சடித்து விற்கிறார்கள். ரெட்டியார்சத்திரத்தில் நின்று ஒரு மைல் சுற்றளவில் எத்தனை தோட்டம், எத்தனை ஆடு மேய்க்கிறவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சுடவேண்டிய இடம் ரேஞ்ச் மட்டும்தான்.

கடைசியாக, முதலில் சொன்ன அந்த என்.சி.சி. கணக்கு. கேம்பில் ஒரு கேடட்டுக்கு ஒரு தடவை கிடைப்பது 5 ரவுண்டு. பத்து நாள் கேம்பில் வெயிலில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்து, 25 கெஜத்தில் 5 தோட்டா. மூன்று வருஷத்தையும் கூட்டினால்கூட மாப்ளை கேட்ட வாழைப்பழ மேகஸினை நான்கைந்து தடவை நிரப்ப வராது. ஆனால் அந்த அஞ்சுக்காக எத்தனை நாள் வெறும் ரைபிளைப் பிடித்து மூச்சை அடக்கப் பழகியிருக்கிறோம்! பேப்பரில் விழுந்த அஞ்சு ஓட்டைக்கும் ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லமுடியும். இது மூச்சு, இது தோள், இது அவசரம் என்று. 25 ஓட்டை விழுந்த பேப்பரில் எந்த ஓட்டை எந்தத் தோட்டா என்றே தெரியாது. கணக்கு எழுதாத கடையில் சரக்கு எவ்வளவு இருந்தால் என்ன?

அதனால் என் கட்சி 5 ரவுண்டுதான். உங்களுக்கு 10 வேண்டும் என்றால் சண்டை போடமாட்டேன். 25 என்றால், முதலில் அந்த அஞ்சு ஓட்டையைக் கொண்டுவந்து காட்டுங்கள், அப்புறம் பேசலாம் :-)

டிஸ்கி: சட்டத்தைப் பற்றி இங்கே எழுதியிருப்பது ஒரு பி.காம் மாணவன் படித்துத் தெரிந்துகொண்ட அளவுதான். லைசென்ஸ் சம்பந்தமாக எதுவாக இருந்தாலும் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.